கண்ணாடியில் ஒரு வாய்

பல் மருத்துவமனையில் அவருக்கு ‘லேப்’ என்று பெயர். “லேப் வந்தாச்சா?”, “இத லேப்கிட்ட குடுத்துடு” என்பார்கள். ஆளையும் வேலையையும் தனித்தனியாகப் பார்க்க அங்கே யாருக்கும் அவகாசமில்லை. நோயாளியின் வாயில் எடுத்த அச்சு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவரிடம் வரும். அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பார். மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்து, அரத்தால் ராவி, மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதே டப்பாவில் திருப்பிக் கொடுப்பார். போவதும் வருவதும் பின்வாசல் வழியாக.

பட்டறை வீட்டின் முன்னறையில் இருந்தது. மூன்று சுவரிலும் அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள், மேல் ஒன்று கீழ் ஒன்றாக, ரப்பர் வளையம் மாட்டி அடுக்கியவை. யார் ஒரே பக்கமாக மெல்லுகிறவர், யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், யார் கோபத்தை வெளியே காட்டாதவர் என்பதையெல்லாம் அந்தத் தாடைகளை விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் அவற்றுக்கு உரியவர்கள் தெருவில் எதிரே வந்து சிரித்தால் அடையாளம் தெரியாது. தான் செய்த பல் ஒரு வாய்ச் சோற்றைக் கடித்து அவர் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அடுத்த அறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். பெரிய துணியைச் சின்னதாக்குவதும் சின்னதைப் பிரித்து விடுவதும் அவள் தொழில். அவர் மோட்டார் ஓடும்போது அவள் மெஷின் கேட்காது. அவள் மெஷின் ஓடும்போது அவர் கூப்பிடுவது கேட்காது. இரண்டும் நிற்கிற நேரங்களில் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். நெடுநாளாக அப்படித்தான் குடும்பம் ஓடியது.

மருத்துவமனைக்கு வெள்ளையடித்த சமயத்தில் வரவேற்பு மேசைப் பெண் அவரைப் பின்வாசலில் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, மீன் வேணுமா?”

“பொரிச்சதா, உயிரோடவா?”

“ஐயோ, தொட்டி மீனுண்ணா. டாக்டர் தொட்டிய எடுத்துடச் சொல்லிட்டாரு. மத்த மீனையெல்லாம் ஆளுக்கு ஒண்ணா தூக்கிட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம். கறுப்பா இருக்காம், யாருக்கும் வேணாமாம்.”

அவர் குனிந்து பார்த்தார். நான்கு பக்கக் கண்ணாடியும் பச்சையேறிக் கிடந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

“மீன் எங்கம்மா?”

“அந்த மூலைல, பாசிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். சக்கர் மீனு. டேங்க் கிளீனர்னு சொல்லுவாங்க.”

“தீனி என்ன போடணும்?”

“ஒண்ணும் போட வேணாம். அழுக்கத் தின்னே பொழைச்சுக்கும். சொல்லாமலே சுத்தம் பண்ணும். எங்க வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருக்கானுங்க, அதுல ஒருத்தன் இப்படி இருந்தா நான் ஏன் தரப்போறேன்?”

வீட்டில் இறக்கியபோது மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

“அலமாரி பூரா வாய். போதாதுன்னு இன்னொரு வாயா?”

“இது பேசாது.”

“அதுங்க மட்டும் பேசுதாக்கும். இந்த வீட்டுல பேசற வாய் ஒண்ணே ஒண்ணு. அதுவும் ஒங்க காதுல விழறதில்ல.”

மீனை ஒரு வாளியில் விட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவ உட்கார்ந்தார். சோப்பு படக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. மற்றபடி ஒரு பல்செட்டுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் தொட்டிக்கும். பச்சையைச் சுரண்டினார். மூலைகளில் சன்னமான பிரஷ்ஷை விட்டுக் குடைந்தார். கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். மீன் ஒளிந்துகொள்ளக் கிடந்த மண்சட்டித் துண்டையும் விடவில்லை. கடைசியில் புது வெள்ளைத் துணியால் கண்ணாடியை வட்டம் வட்டமாகத் துடைத்தார். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. தண்ணீர் தானாகச் சதுரமாக நிற்பதுபோல இருந்தது. வேலை மேசைக்குப் பக்கத்தில் வைத்து மீனை விட்டார். அது சட்டித் துண்டுக்குக் கீழே போய் மறைந்தது.

மறுநாள் காலை மேசை விளக்கைப் போட்டபோது அது கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒரு சாண் நீளம். முதுகு தொட்டிக்கு, அடிப்பக்கம் அவருக்கு.

வாய் முகத்தின் அடியில் இருந்தது. வட்டமான வெளிறிய உதடு, ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பருக்கள். உதடு கண்ணாடியில் அப்பிக் கிடக்க, நடுவில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகச் சின்னத் தூரிகைகள் விரிந்தன, குவிந்தன, மறுபடி விரிந்தன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒற்றைக்கண் லென்ஸை எடுத்து மாட்டினார்.

தூரிகை இல்லை. பற்கள்.

ஒவ்வொன்றும் மயிரிழைப் பருமன். நுனி வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் தேன் நிறம். அந்த நுனியும் இரண்டாகப் பிளந்திருந்தது. எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். ஒரு முழுச் செட்டுக்கு மேலே பதினான்கு, கீழே பதினான்கு என்று அடுக்கவே அவருக்கு அரைநாள் ஆகும். ஒன்று இடித்தால் இன்னொன்று தூக்கும். இங்கே ஒரு நகத்தின் அகலத்துக்குள் ஒரு கூட்டமே நின்றது. இடிக்கவில்லை, வரிசை கலையவில்லை. தேய்ந்து குட்டையான பல் ஒன்றுக்குப் பின்னால் புதிது ஒன்று முளைத்து முறைக்குக் காத்திருந்தது.

அவரைத் திகைக்க வைத்தது அதுகூட இல்லை. மேல்செட் வாயில் நிற்பது உறிஞ்சு பிடியால்தான். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று நுழைந்துவிடும். இருமினால் விழும், சிரித்தால் விழும். ஓரத்தைச் சரி பண்ணச் சொல்லித் திரும்பி வருகிற டப்பாக்கள்தான் அவர் வேலையில் பாதி. இந்த மீன் வாயால் பிடித்துக்கொண்டிருந்தது. அதே வாயால் மூச்சுவிட்டது. அதே வாயால் சுரண்டியது. சுரண்டிக்கொண்டே மேலே நகர்ந்தது. பிடி ஒரு கணமும் விடவில்லை.

இப்படி ஒரு வாயை அவர் பார்த்ததில்லை. தின்னப்படுகிற பொருளுக்கு மட்டுமே தெரியக்கூடிய காட்சி அது.

“இங்க வாயேன்!”

மெஷின் சத்தம் நிற்கவில்லை. எழுந்து போய் வாசல்படியில் நின்று கூப்பிட்டார்.

“ஓரம் அடிச்சிக்கிட்டு இருக்கேன். என்ன விஷயம்?”

“சும்மா வந்து பாரு. இந்த மாதிரி ஒரு மேல்செட் செஞ்சவன் இதுவரைக்கும் பொறக்கல.”

அவள் வந்தாள், பார்த்தாள். “உவ்வே” என்றாள். போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் நாளே மாறிப்போனது. காலையில் எழுந்ததும் முதல் வேலை தொட்டிக் கண்ணாடியைத் துடைப்பது. லேசாக ஒரு மங்கல் விழுந்தாலும் பற்களின் நுனி தெரியாது. அவருக்குப் பொறுக்காது. கையை முழங்கைவரை விட்டு உள்பக்கம் துடைப்பார். சட்டித் துண்டில் வழவழப்புத் தட்டினால் எடுத்துத் தேய்ப்பார். பிறகு விளக்கைத் தொட்டிப் பக்கம் திருப்புவார். சிறிது நேரத்தில் மீன் வந்துவிடும். முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு மத்தியானமும் வந்தது. பிறகு நாள் முழுக்கக் கண்ணாடியிலேயே கிடந்தது. மேலிருந்து கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, ஓயாமல் சுரண்டியது.

“என்கிட்ட ஒட்டிக்கிச்சு” என்று மனைவியிடம் சொன்னார்.

“கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கு. பெருமையப் பாரு.”

“இல்ல, நான் வந்து உக்காந்தாத்தான் வருது. ஆளு தெரியுது அதுக்கு.”

வேலை பின்தங்கியது. மருத்துவமனையிலிருந்து வரவேற்பு மேசைப் பெண் போன் செய்தாள்.

“அண்ணா, அந்தப் பெரியவரோட கீழ்செட் என்னாச்சு? தெனம் வந்து உக்காந்துடறாரு. கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு வெறுத்துட்டாராம்.”

“நாளைக்குத் தரேம்மா.”

“நேத்தும் நாளைக்குன்னீங்க. மீனு எப்படி இருக்கு?”

“அத ஏன் கேக்குற!” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அந்தப் பல் எப்படி மடங்குகிறது, அந்த உதடு எப்படி நகர்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் “ம்... ம்...” என்று கேட்டாள். அவள் வேறு யாருக்கோ டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது. அப்படியும் சொல்லி முடித்தார்.

ஒரு மதியம் மனைவி பட்டறைக்குள் வந்தாள். மின்சாரம் நின்றிருந்தது. இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு தொட்டியோடு தொட்டியாக உட்கார்ந்திருந்தார். அவள் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டாள். அவருக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்னங்க, இது இளைச்சிருக்கு.”

“எது?”

“ஒங்க ஆளுதான்.”

“சும்மா இரு. காலைலேருந்து தின்னுக்கிட்டேதான் இருக்கு. வாய் ஓயல.”

“வாய் ஓயல, சரி. வயித்தப் பாத்தீங்களா?”

அவர் லென்ஸைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான் முழு மீனும் கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அதே இடத்தில், வாய்க்கு இரண்டு விரற்கடை கீழே, வயிறு அவருக்குத் தன்னைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. துடுப்புகளுக்கு நடுவே அது கரண்டிக் குழிபோல உள்வாங்கியிருந்தது. தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. கண்கள்கூடக் கொஞ்சம் உள்ளே போயிருந்தன.

“வந்தப்ப இப்படி இல்ல” என்றாள். “அளவெடுக்கிற கண்ணு, எனக்குத் தெரியும். இது என்ன திங்குது?”

“பாசி.”

“எங்க பாசி?”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். கூழாங்கற்களைப் பார்த்தார். சட்டித் துண்டைப் பார்த்தார். எல்லாம் மின்னின. காலையில்தான் துடைத்திருந்தார்.

மீன் மேலே ஏறிப் போனது. நான்கு தூரிகைகளும் விரிந்தன, குவிந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்றுமில்லை.

“தட்டக் கழுவிக் கவுத்து வெச்சிட்டு, எவ்வளவு அழகா சாப்பிடுதுன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “எந்திரிங்க. கடைல போய்க் கேளுங்க. சட்டைய மாட்டுங்க முதல்ல.”

வளர்ப்பு மீன் கடைக்காரி உரத்த குரல்காரி. ஒரு கையில் வலை, ஒரு கையில் தண்ணீர் நிரப்பிய பை. அவர் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“அண்ணே, கிளீனர்னு பேரு வெச்சவனக் கட்டி வெச்சு ஒதைக்கணும். அது கிளீனர் இல்லண்ணே, மாடு. மேயணும். புல்லையெல்லாம் வேரோட செதுக்கிட்டு மாட்ட அவுத்து விட்டிருக்கீங்க. அது தரைய மோந்து மோந்து பாத்திருக்கு. நீங்க பக்கத்துல நின்னு ரசிச்சிருக்கீங்க.”

“நாள் பூரா கண்ணாடிக்கு வருதேன்னு...”

“பகல்லயா?”

“பகல்லதான். என்னப் பாத்துப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்.”

கடைக்காரி கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். “இருட்டினப்புறம் மேயற சாதிண்ணே அது. பகல்ல ஒளிஞ்சு கெடக்கும். வெளிச்சத்துல வெளிய வந்து சுத்துதுன்னா பசி தாங்கலன்னு அர்த்தம்.”

அவர் கடையிலிருந்த தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரி வெள்ளரிக்காய் வெட்டிப் போடச் சொன்னாள். தொட்டுவிட்டால் பிழைத்த மாதிரி என்றாள். “ஆனா ரொம்ப ஒட்டிப் போனது சில சமயம் எதையும் தொடாது. அதுக்குத் தெரிஞ்சது பாசிதான். அதே தொட்டித் தண்ணிய எடுத்து வெயில்ல வைங்க. உள்ள கல்லோ கண்ணாடியோ போடுங்க. பச்சை பிடிச்சதும் குடுங்க. அதுவரைக்கும் தாங்கணும்.”

“தாங்குமா?”

“எனக்கென்னண்ணே தெரியும்? ஒங்களுக்குத்தான் அது முகம் பழக்கம்.”

வீட்டுக்கு வருகிற வழியில் அந்த முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. வாய்தான் வந்தது.

வெள்ளரிக்காய் வில்லையை ஒரு கல்லோடு கட்டித் தொட்டியில் இறக்கினார். மறுநாள் அது போட்டபடியே கிடந்தது. எடுத்துவிட்டு வேறு போட்டார். அதுவும் அப்படியே. மீன் கண்ணாடிக்கு வருவது நின்றுவிட்டது. சட்டித் துண்டின் அடியில் வால் நுனி மட்டும் தெரிந்தது. அவர் தொட்டிக்குமுன் உட்கார்ந்து செவுள் அசைகிறதா என்று பார்ப்பார். அசைந்தால் எழுந்து போவார்.

பசையும் மாவும் கலக்க அவர் தடித்த கண்ணாடிப் பலகைகள் வைத்திருந்தார். உள்ளங்கை அளவு, ஓரம் மழுக்கியவை. நல்லதாக நான்கைத் தேர்ந்தெடுத்துத் தேய்த்துக் கழுவினார். கழுவும்போதே கை தயங்கியது. வாளியில் தொட்டித் தண்ணீரை ஊற்றிப் பலகைகளைப் போட்டு மொட்டைமாடியில் வெயில் விழும் மூலையில் வைத்தார். காலையில் போய்ப் பார்த்தார். கீழே வந்து டீ குடித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தார். எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். பலகைகள் அவர் கழுவியபடியே பளிச்சென்று இருந்தன.

“பாசி பிடிக்கலையேன்னு கவலப்படற ஆளு இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் மனைவி. துணி உலர்த்த வந்திருந்தாள். “நம்ம குளியலறைல எவ்வளவு வேணும், எடுத்துக்கோங்க.”

“அதுல சோப்பு இருக்கும்.”

அவர் சிரிக்காமல் சொன்னதைப் பார்த்து அவளும் சிரிப்பை விட்டாள். கொடியை இழுத்து வேறு பக்கம் கட்டினாள். அதுவரை துணியின் நிழல் வாளிமேல் விழுந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் பெரியவரின் கீழ்செட்டை முடித்தார். முடித்து டப்பாவில் வைத்தவர் என்ன நினைத்தாரோ, மருத்துவமனைக்குப் போனதும் பின்வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நின்றார். “மாட்டினதும் சரியா சாப்பிட முடியுதான்னு கேட்டுச் சொல்லும்மா” என்றார். வரவேற்பு மேசைப் பெண் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் எதையும் கேட்டதில்லை.

பலகைகளில் முதலில் ஒரு மஞ்சள் மங்கல் விழுந்தது. பிறகு விரல் வழுக்கியது. பிறகு ஒரு காலை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது பலகை இளம்பச்சையாக ஒளிர்ந்தது. லென்ஸை மாட்டிப் பார்த்தார். புள்ளிகளும் இழைகளுமாக, இழைகளுக்குள் குமிழிகளுமாக, நின்ற தண்ணீரும் வெயிலும் சேர்ந்து சும்மா இருந்தபடியே ஒரு காட்டை நெய்து வைத்திருந்தன. இத்தனை காலம் துடைத்துத் துடைத்துக் கழுவிவிட்டது இதைத்தான்.

இரண்டு பலகைகளைச் சட்டித் துண்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பச்சைப் பக்கம் தன்னைப் பார்த்திருக்கும்படி வைத்தார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பொழுது சாயும்வரை ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது ஒரு பலகையின் அடி ஓரத்தில், பச்சைக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு ஓர் இடம் வெறுமையாக இருந்தது. தன் கை பட்டிருக்குமோ என்று சந்தேகம். பலகையை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார். கை படவில்லை. சீப்பால் இழுத்ததுபோல நெருக்கமான கோடுகள், இணை இணையாக, ஒரு விசிறி விரிந்து அடுத்த விசிறியின் ஓரத்தைத் தொட்டு நின்றது. ஒரு கோடு இன்னொன்றின்மேல் ஏறவில்லை. எவ்வளவோ கடி அச்சுகளைப் பார்த்தவர். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

ஆனால் அவ்வளவுதான், ஒரு நகமளவு. அதோடு விட்டுவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“தொட்டிருக்கு. அப்புறம் ஏன் விட்டுச்சு?”

அவள் பலகையைப் பார்க்கவில்லை. தொட்டியையும், அதற்கு நேரே கிடந்த நாற்காலியையும், திருப்பி வைத்த விளக்கையும் பார்த்தாள்.

“மூக்குக்கு நேரா வெளக்க வெச்சு, பக்கத்துல ஒங்க மூஞ்சியும் இருந்தா எவன் சாப்பிடுவான்? எனக்கே எறங்காது. அந்தப் பலகையத் திருப்பி வைங்க. பச்சை அந்தப் பக்கம் போகட்டும். அது பாட்டுக்குச் சாப்பிடும்.”

“அப்புறம் எனக்குத் தெரியாதே.”

“ஒங்களுக்கு ஏன் தெரியணும்?”

அவர் மாடிக்குப் போய் வாளியில் மிச்சமிருந்த இரண்டு பலகைகளையும் எடுத்து வந்தார். பிறகு கையை விட்டு நான்கு பலகைகளையும் சட்டித் துண்டைச் சுற்றிப் பச்சைப் பக்கம் உள்ளே இருக்கும்படி சாய்த்தார். ஒரு சின்னக் கூடாரம்போல ஆனது. தொட்டிக் கண்ணாடியில் விழுந்திருந்த மங்கலைத் துடைக்கவில்லை. விளக்கை மேசைக்குத் திருப்பினார். நாற்காலியைத் தொட்டிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். அன்றைக்கு நிறைய வேலை இருந்தது. கைதான் வேலை செய்தது. முதுகு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஒரு மேல்செட்டைத் தேய்த்து முடித்து மோட்டாரை நிறுத்தினார். அடுத்த அறையிலும் மெஷின் நின்றிருந்தது. வீடு அப்படி அடங்கியிருப்பது அபூர்வம்.

எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. சன்னமாக, விட்டு விட்டு. மரத்தில் நகத்தால் கீறுவதுபோல. எலியோ என்று அலமாரியைப் பார்த்தார். அலமாரியில் இல்லை.

எழுந்து, திரும்பி, தொட்டியருகே மண்டியிட்டார். பலகைகளின் முதுகுதான் தெரிந்தது. காதைக் கண்ணாடியில் வைத்தார். சில்லென்றிருந்தது. சத்தம் இப்போது காதுக்குள்ளேயே கேட்டது. சர்க். சர்க். சர்க். நின்றது. அவர் காதை இன்னும் அழுத்தி வைத்தார். மறுபடி, கொஞ்சம் தள்ளி, சர்க், சர்க்.

அவர் கூப்பிடவில்லை. சத்தம் போடப் பயம். கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டி ஆட்டினார். மனைவி நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே வந்தவள் அவர் கிடந்த கோலத்தைப் பார்த்து ஓடிவந்தாள்.

“என்னாச்சு?”

உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைச் சுட்டினார். அவளும் மண்டியிட்டாள். அவரைப் பார்த்தபடி தன் காதை வைத்தாள். இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் நேருக்கு நேராக, கன்னம் நசுங்கி இருந்தன.

“கேக்குதா?”

“ஒங்க மூச்சுதான் கேக்குது.”

அவர் மூச்சை நிறுத்தினார்.

அவள் கண்கள் மெல்ல விரிந்தன. பற்களுக்கு நடுவே இருந்த நூல் நுனியை அப்படியே விட்டுவிட்டாள்.

“மெல்லுது” என்றாள்.

“மெல்லாது. சுரண்டும். அதுக்கு மேல் வரிசை...”

“ஷ்ஷ்” என்றாள். “சாப்பிடட்டும்.”